முப்பத்துநாலு முந்திரி

கணக்குப் பரீட்சையில் பெயிலாவதை இவ்வளவு நேர்த்தியாக, இவ்வளவு விடாப்பிடியாக, இவ்வளவு சந்தோஷமாகச் செய்த இன்னொரு மனுஷி இந்தப் பூமியில் இருக்க முடியாது. இருந்தால் என்னிடம் அழைத்து வாருங்கள், என் செலவில் கேசரி கிண்டிப் போடுகிறேன். ஏன் கேசரி என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அவருடைய உண்மையான பெயர், தாராவியில் நாங்கள் குடியிருந்த அந்தச் சந்தில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் பெயில் அக்கா. என்னைவிட மூன்று வயது இளையவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் மராத்திக்காரர்கூட சந்து முனையில் நின்று, "ஃபேல் அக்கா கா கர் கிதர் ஹை?" என்று அக்கா வீட்டுக்குச் சத்தம் போட்டு வழி கேட்பார். அக்காவுக்கு இதில் துளி வருத்தம் கிடையாது. போன் அடித்தால், "ஆமா, பெயில் அக்காதான் பேசுதேன், சொல்லுங்க" என்று கணீரென்று எடுப்பார்.

தொழில், காஜா எடுப்பது. சுற்றியிருக்கும் தையல் பட்டறைகளிலிருந்து சட்டைகள் கட்டுக்கட்டாக வரும். பட்டன் நுழைவதற்கான ஓட்டையை மெஷினில் போட்டுக் கொடுப்பதுதான் காஜா. காலை எட்டு மணிக்கு அந்த மெஷின் 'டர்ர்ர்' என்று ஆரம்பித்தால், அடுத்த வீட்டில் இருந்த எங்கள் அலமாரி டம்ளர்கள் தாமாகவே ஓரத்துக்கு நகர ஆரம்பிக்கும்.

பதினாறு வயதில் அக்கா பத்தாம் வகுப்பு எழுதினார். மற்ற எல்லாப் பாடமும் பாஸ், கணக்கு மட்டும் பெயில். நூற்றுக்கு ஏழு. செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். செருப்பை வெளியே விட்டுத் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து, "என்ன செய்ய, நம்ம கையிலயா இருக்கு" என்று மூக்கை உறிஞ்சினார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம். அடுப்படிக்குப் போய் ரவையை வறுத்துக் கேசரி கிண்டினார். முந்திரியைச் சரியாக ஏழு எண்ணி மேலே பதித்தார். "மார்க்குக்கு ஒண்ணு. எல்லாரும் தின்னுட்டுப் போங்க. இங்க யாரும் சாகல" என்றார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மார்ச்சில் ஒரு பரீட்சை, ஜூலையில் ஒரு பரீட்சை. இருபத்திரண்டு வருஷம் விடாமல் எழுதினார், விடாமல் பெயிலானார், விடாமல் கேசரி கிண்டினார். பதினொன்று வாங்கினால் பதினொரு முந்திரி. நாலு வாங்கினால் நாலு.

ஒரு வருஷம் பரீட்சை அறைக்குள் அக்கா நுழைந்ததும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்றார்களாம். "குட் மார்னிங், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இன்னொரு வருஷம் முந்திரியே இல்லாத மொட்டைக் கேசரி வந்தது. விசாரித்தால் மார்க் பூஜ்யம். பக்கத்தில் இருந்த பையன் ஸ்கேல் கொண்டுவரவில்லை, ஸ்கேலைக் கொடுத்தாராம். முன்னால் இருந்த பெண்ணின் காம்பஸ் முறிந்தது, காம்பஸைக் கொடுத்தாராம். கடைசியில் ஒரு பையனின் பேனா நின்றுபோய் அவன் அழ, பேனாவையும் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் ஜன்னல் வழியாகப் புறாவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். "அதுக பதினஞ்சு வயசுப் பிள்ளைய. எனக்கென்ன, ஜூலையில திரும்ப எழுதுவேன்லா" என்றார்.

இனி என் மகள் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

என் மகள் நிவி நாலாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகை முன்னால் நின்று ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டியிருந்தது. 'ஏழு மூணு' வரைக்கும் போனவளுக்கு அதன்பிறகு தொண்டையில் காற்றுகூட வரவில்லை. வகுப்பே சிரித்தது. அன்று தொடங்கியது. கணக்கு டெஸ்ட் இருக்கிற நாளில் காலை ஆறு மணிக்கு வயிற்றுவலி வரும். ஏழு பத்துக்கு வாந்தி வரும். எங்கள் லோக்கல் டிரெயின்கூட அப்படி நேரம் தவறாமல் வந்தது கிடையாது. என் மனைவி சாந்தி ஏழு ஐந்துக்கே பக்கெட்டோடு நிற்பாள்.

நான் என்ன செய்தேன்? தகப்பன் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தேன். ஊறவைத்த பாதாம் கொடுத்தேன். டியூஷன் வைத்தேன். மணிச்சட்டம் வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் தன் பொம்மைக்குக் கட்டிலாகப் போட்டாள். சோறு ஒரு கவளம் வாய்க்குள் போகும்போது, "ஏழெட்டு எத்தனை? சொல்லு, டக்குனு சொல்லு!" என்று கத்துவேன். பிள்ளை சோற்றை மெல்லாமல் அப்படியே என்னைப் பார்க்கும். "ஏங்க, அவ சாப்பிடட்டும். ஏழெட்டு எங்கயும் ஓடிப்போகாது" என்பாள் சாந்தி.

ஐந்தாம் வகுப்பில் மூன்று டெஸ்டுக்கு அவள் போகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் வருஷப் பரீட்சை. கணக்கில் ஐம்பதுக்குப் பதினெட்டு வாங்கியே ஆகவேண்டும். தவறினால் ஜூனில் ஒரே ஒரு மறுபரீட்சை. இரண்டிலும் தேறாவிட்டால் கூட்டாளிகள் எல்லோரும் ஆறாம் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் அதே ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் இருப்பாள். அதைக் கேட்டதிலிருந்து பிள்ளைக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. எனக்கும்தான்.

இந்த நிலைமையில் அக்காவின் ஜூலைப் பரீட்சை ரிசல்ட் வந்தது. பதினாறு. அதுவரைக்கும் அக்காவுக்கு அவ்வளவு மார்க் வந்ததே இல்லை. சந்துப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மொத்தம் பதினேழு பேர். கடைசியில் நின்றவள் நிவி.

"அக்கா, எனக்கு முந்திரி வரல."

"வராதுல்லாட்டி. பதினாறு மார்க்குதான வாங்கியிருக்கேன். நீங்க பதினேழு பேரு."

"அப்ப அடுத்த தடவ இருபது வாங்குங்க. இருபது முந்திரி போடுவீங்கல்ல?"

"போட்டுட்டாப் போச்சு."

"நாப்பது வாங்குனா?"

"நாப்பது வாங்குனா பாஸ்லா ஆயிருவேன்! முப்பத்தஞ்சத் தொட்டாலே பாஸுட்டி. பாஸானா எதுக்குக் கேசரி? பாஸானவளுக்குத்தான் ஊரே லட்டு குடுக்குமே."

நிவி தட்டோடு அப்படியே நின்றாள். உதடு அசைந்தது. விரல் மடங்கியது, நிமிர்ந்தது. பிறகு தட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அப்பா! பதினேழு ரெண்டு முப்பத்துநாலு! ஆளுக்கு ரெண்டு முந்திரி! மிச்சமே இல்ல!"

ஒரு வருஷமாக என் மகள் வாயிலிருந்து ஓர் எண்ணைக்கூட நான் கேட்டதில்லை. கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். அதற்கு மெஷினைக் குறை சொல்ல முடியாது.

மறுநாளே ஒரு கமிட்டி கூடிவிட்டது. அதன் ஒரே நோக்கம், பெயில் அக்காவைச் சரியாக முப்பத்துநாலு மார்க் வாங்கவைப்பது. முப்பத்துமூன்று வாங்கினால் ஒருவருக்கு முந்திரி குறையும். முப்பத்தைந்து வாங்கினால் கேசரியே கிடையாது. ஐந்தாம் வகுப்பிலும் இதற்குப் பாடம் இல்லை, எம்.ஏ.விலும் இல்லை. கமிட்டியில் பெரியவன் சலீம், பெல்ட் பட்டறைக்காரர் மகன், ஒன்பதாம் வகுப்பு. அவன்தான் பாடத்துக்குப் பொறுப்பு. எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க், எதை எழுதினால் எவ்வளவு சேரும், எதை விடவேண்டும் என்று கூட்டிக் கழிக்கும் பொறுப்பு நிவிக்கு. அவள்தான் கமிட்டித் தலைவி.

"திருத்துறவங்க பாவம் பாத்து ஒரு மார்க் சேத்துப் போட்டுட்டா?" என்று ஒரு பொடிசு சந்தேகம் கேட்டது.

"டென்ஷன் நஹி லேனே கா, கவலையே வேண்டாம்" என்றான் சலீம். "அக்கா கையெழுத்தப் பாத்தா யாருக்கும் பாவம் வராது."

அக்காவிடம் போய்த் திட்டத்தைச் சொன்னார்கள். வேறு யாராக இருந்தாலும் விளக்குமாற்றை எடுத்திருப்பார்கள். அக்கா மெஷினை நிறுத்தி, கடைசிவரை கவனமாகக் கேட்டு, "பதினேழு பேரு உக்காந்து யோசிச்சிருக்கிய. சரியாத்தான் இருக்கும். என்ன படிக்கணும், சொல்லுங்க" என்றார்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் காஜா மெஷினைச் சுற்றி வகுப்பு. அக்கா தப்புத்தப்பாகச் சொல்வார், சொல்லும்போது துளிக்கூடத் தயங்க மாட்டார்.

"ஏழெட்டு எத்தனக்கா?" இது நிவி.

"ஒரு அறுபதுன்னு வச்சிக்கோயேன்."

"வச்சிக்க முடியாதுக்கா! அது என்ன சாம்பார்ல உப்பா?"

"அப்ப அம்பது."

"தப்பு. மறுபடி சொல்லுங்க. தப்பாச் சொன்னாலும் பரவால்ல, சும்மா மட்டும் இருக்காதீங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதுகில் ஓர் அடி விழுந்தது. 'தப்பாச் சொன்னாலும் பரவால்ல' என்று நான் ஒரு நாளாவது என் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேனா?

ஏழாம் வாய்ப்பாடு அக்காவுக்குச் சுத்தமாக வரவில்லை. பன்னிரண்டு ஏழு எத்தனை என்று கேட்டால் கூரையைப் பார்த்தார். அன்றைக்கு நிவிக்கு என்ன தோன்றியதோ, "சரிக்கா, ஒரு சட்டையில முன்பக்கம் எத்தன காஜா?" என்றாள்.

"ஏழு."

"ஒரு டஜன் சட்டைக்கு?"

"எம்பத்துநாலு." அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எட்டுச் சட்டைக்கு?"

"அம்பத்தாறு. இதெல்லாம் ஒரு கேள்வியாட்டி?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த அரைமணி நேரம் சட்டை சட்டையாக எண்ணினார்கள். முடிந்தபோது இரண்டு பேருக்கும் ஏழாம் வாய்ப்பாடு தெரிந்திருந்தது. தனக்கும் வந்துவிட்டது என்பதை நிவி கவனிக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் நான் செய்த புத்திசாலித்தனங்களில் அது ஒன்று.

ஆனாலும் தகப்பன் இல்லையா? ஒருநாள் சண்டைக்குப் போனேன். "என்னக்கா இது, பிள்ளைங்களுக்குப் பெயிலாகவா சொல்லிக்குடுக்குறீங்க?"

"நான் எங்க அண்ணாச்சி சொல்லிக்குடுக்கேன்? அதுகதான் எனக்குச் சொல்லிக்குடுக்கு. உங்க மவ நேத்து என்னைய நாலு தடவ ஏசிட்டா. அடுத்தவள ஏசுதவளுக்கு வயிறு வலிக்காது, கவனிச்சியளா?"

அது உண்மை. மெஷின் பக்கத்தில் அவளுக்கு வயிறு வலித்ததே இல்லை. பள்ளிக்கூடத்து டெஸ்டுக்கு மட்டும் ஏழு பத்து வாந்தி அப்படியே இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

மார்ச் வந்தது. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குப் பரீட்சை. கமிட்டித் தலைவி கூட வந்தால்தான் போவேன் என்று அக்கா அடம்பிடித்ததால் நிவியையும் அழைத்துக்கொண்டு நானும் போனேன். திட்டம் தயார். முப்பத்தைந்து மார்க் வரும் முதல் பகுதி மட்டும் போதும்; அதிலும் கடைசியில் வரும் ஒரு மார்க் கேள்வியைத் தொடக்கூடாது. மீதி சொல்லிக்கொடுத்தபடி எழுதினால் முப்பத்துநாலு.

கேட் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்த அக்கா, மணி அடித்ததும் வெளுத்துப்போனார். சுவரோரம் ஓடினார். காலையில் தின்ற இட்லி அத்தனையும் வெளியே வந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த வாசலுக்குக் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்.

"என்னக்கா ஆச்சு?" என்று பதறினேன்.

"தெரியல அண்ணாச்சி. இத்தனை வருசம் ஒண்ணுந் தெரியாமப் போனேன், பயமில்ல. இப்ப கொஞ்சம் தெரியுதுல்லா... கை காலெல்லாம் ஆடுது. நான் போகல. வீட்டுக்குப் போயிருவோம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நிவிக்குத் தெரிந்திருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அக்காவின் கையில் கொடுத்தாள். நிதானமாக, வேலை தெரிந்தவள் பேசுகிற மாதிரி பேசினாள்.

"வாயக் கொப்பளிங்க. முழுங்காதீங்க. ரெண்டு நிமிஷந்தான்க்கா, எனக்குத் தெரியும். அப்புறம் வயித்துல ஒண்ணும் இருக்காது, வர்றதுக்கும் ஒண்ணும் இருக்காது. மூக்கால மூச்சு விடுங்க. காது மட்டும் கொஞ்ச நேரம் சூடா இருக்கும், அதக் கண்டுக்காதீங்க."

"உனக்கு இப்படித்தான் வருமாட்டி?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமாக்கா."

அக்கா அவளையே பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் இப்ப உள்ள போனா, அடுத்த மாசம் நீ போவியா?"

நிவி பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினாள். இரண்டாவது மணி அடித்தது.

"போவேன்."

அக்கா உள்ளே போனார்.

ஏப்ரலில் நிவியின் முறை. காலை ஆறு மணிக்கு வயிற்றுவலி. ஏழு பத்துக்கு வாந்தி. பக்கெட்டோடு சாந்தி, கையைப் பிசைந்துகொண்டு நான். ஏழு பன்னிரண்டுக்கு அக்கா வாசலில் வந்து நின்றார். விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. அன்றைக்கு மெஷினுக்கு லீவு.

"எடுத்து முடிச்சாச்சா?" என்று கேட்டார், குளித்து முடித்தாயா என்று கேட்கிற தோரணையில்.

"முடிச்சாச்சு."

"அப்ப கெளம்பு. வயித்துல ஒண்ணும் இல்ல, காலிப் பெட்டி மாதிரி லேசாப் போயிட்டு வா."

நிவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூட வாசலில் ஒருதரம் நின்றாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் ரோட்டில் நின்று அழுதேன். பட்டுச் சேலை கட்டிய அக்கா, "அண்ணாச்சி, ஆளுக பாக்காவ, மூக்கத் தொடைங்க" என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்து நிவி வெளியே வந்தாள்.

"எழுதுனியாட்டி?"

"எழுதுனேன்க்கா. தெரியாததையும் எழுதுனேன். ஒண்ணக்கூடக் காலியா விடல."

இதைக் கேட்டதும் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு திருதிருவென விழித்தார். காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை.

மே மாதம் நிவியின் ரிசல்ட் வந்தது. ஐம்பதுக்குப் பதினாலு. பெயில்.

மார்க் ஷீட்டைக் கையில் வாங்கியதும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை கமிட்டி, இத்தனை கூத்து, கடைசியில் நாலு மார்க் குறைச்சல்! கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்போது நிவி சொன்னாள்:

"அப்பா, பதினாலு முந்திரி வாங்கணும். ரவை வீட்ல இருக்கா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகை இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அவளுக்கு அவசரமெல்லாம் ரவையைப் பற்றித்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போனேன். "பதினாலு முந்திரி குடுங்க" என்றதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிராம் கணக்குல கேளுங்க அண்ணே, இது என்ன மாத்திரையா?" என்றார். பெருமையாக எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாந்தி கிண்டினாள், நிவி பரிமாறினாள். பதினாலு முந்திரியை இரண்டிரண்டாகப் பிளந்து இருபத்தெட்டு பாதி ஆக்கினாள். தன்னையும் சேர்த்துப் பதினேழு பேருக்கும் ஆளுக்கு ஒரு பாதி. மிச்சம் பதினொரு பாதியையும் அக்கா தட்டில் வைத்து, "அஞ்சர முந்திரிக்கா" என்றாள். அடுத்தவர் பெயிலுக்கு அக்கா கேசரி சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்த மாதக் கடைசியில் அக்காவின் ரிசல்ட். சலீம் போனில் பார்த்தான். அதில் சீட் நம்பரும் அம்மா பெயரும் கேட்கும். ஊரில் இருக்கும் அக்காவின் அம்மா பெயர் சுப்பம்மா என்பது பதினேழு பேருக்கும் தெரிந்திருந்தது. திரையில் ஏதோ ஒரு பெயர் வந்தது. "யாரு இது?" என்றார்கள் எல்லோரும். "நான்தாம்டே" என்றார் அக்கா. அதற்குள் சலீமின் கண் கீழே போய்விட்டது. அவன் முகம் தொங்கியது.

"அக்கா... முப்பத்தஞ்சு."

பொடிசு ஒன்று விசும்ப ஆரம்பித்தது. அக்கா மெஷின் ஸ்டூலில் இருந்து எழுந்து, பதினேழு பேரையும் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"மக்கா, மன்னிச்சிருங்க. கை தவறிப் பாஸாயிட்டேன்."

"கடைசிக் கேள்விய விடச் சொன்னேன்ல!" என்று நிவி கத்தினாள்.

"விடத்தாம்ட்டி பாத்தேன். அந்தப் பகுதியில எல்லாத்தையும் எழுதிட்டு அது மட்டும் காலியா முழிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. ஆறு காஜா எடுத்து ஒண்ண விட்ட சட்டைய நான் இதுவரைக்கும் எவனுக்கும் அனுப்புனதில்ல. மனசு கேக்கல. குருட்டாம்போக்குல ஒண்ணு எழுதுனேன். அது போயி சரியா இருந்து தொலச்சிருக்கு!"

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டு, தலையைக் குனிந்து, "என்னக்கா, இப்படி ஆயிருச்சே" என்றார்கள். அக்கா எல்லோருக்கும் வெறும் டீ கொடுத்தார்.

ஒருவர் மட்டும் அசரவில்லை. கமிட்டித் தலைவி மறுநாளே போய், "அக்கா, இனிமே பன்னெண்டாம் கிளாஸ் எழுதுங்க" என்றாள்.

"அதுல கணக்கு எடுக்கணும்னு கட்டாயம் இல்லையாமே?"

"இருக்குக்கா. கட்டாயம்" என்றாள் நிவி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு உண்மை தெரியும். "ஆமாக்கா, கட்டாயந்தான்" என்றேன்.

ஜூன் மறுபரீட்சை அன்று வயிற்றுவலி வந்தது. வாந்தி ஏழு பத்துக்கு வரவில்லை, ஏழு முப்பதாகியும் வரவில்லை. சாந்தி பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நிவி பத்தொன்பது வாங்கிப் பாஸானாள், ஆறாம் வகுப்புக்குப் போனாள். செய்தியைக் கேட்ட அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "பத்தொம்பது முந்திரி போச்சேட்டி" என்று அங்கலாய்த்தார்.

இப்போது நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். நிவி எட்டாம் வகுப்பு. கணக்கில் மேதையெல்லாம் இல்லை, நூற்றுக்கு ஐம்பதைச் சுற்றி வருகிறாள். டெஸ்ட் என்றால் பென்சிலைச் சீவிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் தாராவிக்குப் போகிறாள், அக்காவை ஏசுவதற்கு. இரண்டு வருஷக் கேசரிப் பஞ்சத்துக்குப் பிறகு போன மார்ச்சில் அக்கா பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு எழுதினார். மூன்று மார்க். ஜூலையில் ஐந்து. நாங்கள் மூன்று பேரும் போய் வரிசையில் நின்றோம். பழைய பிள்ளைகளோடு புதிதாகச் சில பிள்ளைகளும் நின்றார்கள், வாந்தி எடுக்கிற ஜாதி என்று பார்த்ததுமே தெரிந்தது.

முப்பத்துநாலை எட்ட இன்னும் இருபத்தொன்பது இருக்கிறது. அக்காவின் பழைய வேகத்தில் போனால் எங்கள் ஆயுசுக்கும் கேசரி வரும் என்று நிவி கணக்குப் போட்டுச் சொல்கிறாள்.

ஒன்றும் அவசரம் இல்லை அக்கா. மெதுவாகவே பாஸாகுங்கள்.